கமெண்டில் கிடக்கும் புதையல்

யூடியூப் ஸ்பேம் என்றதும் "லிங்க்கைத் தொடாதே" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவே முதல் தவறு. ஷார்ட்ஸ் கமெண்டில் போடும் லிங்க்கை அழுத்தினாலும் திறக்காதபடி 2023 ஆகஸ்ட் 31 முதல் யூடியூபே செய்துவிட்டது. லிங்க் இல்லாமலே வலை விரிக்கிறார்கள்.

"என் வாலெட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது. ரகசியச் சொற்களும் இருக்கின்றன. வேறு கணக்குக்கு எப்படி மாற்றுவது?" என்று ஒருவர் அப்பாவியாகக் கேட்பார். யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம். அதை வைத்திருக்கும் டிஜிட்டல் வாலெட்டுக்குச் சாவிதான் அந்த ரகசியச் சொற்கள். கீழேயே அவை வரிசையாகக் கிடக்கும். படிப்பவருக்குக் கை அரிக்கும். போட்டுப் பார்த்தால் வாலெட் திறக்கும், பணமும் தெரியும். ஆனால் அதை நகர்த்த, அந்த நாணயம் ஓடும் டிரான் நெட்வொர்க்குக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்துக்கான டிஆர்எக்ஸ் என்ற நாணயம் மட்டும் வாலெட்டில் இருக்காது. சரி, நாமே கொஞ்சம் போடுவோம் என்று அனுப்பினால், அது உடனே வேறு வாலெட்டுக்குப் போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்டோரின் ஒப்புதல் கேட்கும் வாலெட் அது. அந்தச் சொற்களை மட்டும் வைத்து ஒரு காசும் எடுக்க முடியாது. காஸ்பர்ஸ்கி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2024 டிசம்பரில் இதைப் பற்றி எச்சரித்தது. ஏமாந்தவர் போலீசில் என்னவென்று சொல்வார்? அடுத்தவர் பணத்தை எடுக்கப் போனேன் என்றா?

அடுத்தது, படத்தைப் பார்த்து ஆளை நம்புவது. பைக் ரிப்பேர் பற்றி நான் ஒரு சின்ன சேனல் நடத்துகிறேன். "அண்ணா, பரிசு விழுந்திருக்குன்னு டெலிகிராமுக்குக் கூப்பிட்டீங்களே, கூரியருக்கு 500 ரூபாய் அனுப்பிட்டேன்" என்று ஒரு தம்பி எழுதினார். கூப்பிட்ட கணக்கில் இருந்தது என் படம்தான். @ போட்டு வரும் பெயரான ஹேண்டிலில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். சேனல்காரர் கமெண்ட் போட்டால் அவர் பெயர் தனி நிறப் பட்டைக்குள் தெரியும். பட்டை இல்லையா, ஆள் வேறு.

ஸ்பேமைத் திட்டிப் பதில் போடுவதும் வேண்டாம். நாலு பதில் சேர்ந்தால் ஏதோ பெரிய விவாதம்போல் தெரியும். புகார் அளித்துவிட்டு நகருங்கள்.

சேனல் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கமெண்டாக அழித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பேம் போடுபவரின் கணக்கையே நம் சேனலில் மறைத்துவிட்டால், அந்த ஆள் அப்புறம் அங்கே எழுதுவது மற்றவர்களுக்குத் தெரியாது. லிங்க் உள்ள கமெண்டை நிறுத்திவைக்கவும், எந்தச் சொல் வந்தால் கமெண்டை நிறுத்த வேண்டும் என்று தடைச் சொற்கள் சேர்க்கவும் யூடியூப் ஸ்டூடியோ அமைப்புகளில் வழி உண்டு. தடைச் சொற்களில் மட்டும் நிதானம் வேண்டும். நான் ஆத்திரத்தில் 'வாட்ஸ்அப்' என்று போட்டுவைத்தேன். "செயின் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், வாட்ஸ்அப்ல அனுப்பவா அண்ணா?" என்று ஒருவர் கேட்டது மூன்று வாரம் அங்கேயே முடங்கிக் கிடந்தது.