கையடக்க ஜிபிஎஸ்ஸில் பாக் நீரிணை எல்லைக்கோட்டை ஏற்றுவது எப்படி?

இரண்டு ஏஏ பேட்டரி போடும் சாதாரண ஜிபிஎஸ்ஸே நாட்டுப்படகுக்குப் போதும். ஆனால் எல்லாவற்றையும் கரையிலேயே ஏற்றி, இரண்டு பேர் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அலையில் ஆடிக்கொண்டே எண்களை அழுத்தினால் கண்டிப்பாகத் தப்பு வரும்.

முதலில் செட்டிங். தூரத்துக்கு நாட்டிகல் மைல் (கடல் மைல், கீழே மைல் என்பதெல்லாம் இதுதான்), டேட்டம் (இடக்கணக்குக்கான அடிப்படை அளவுமுறை) டபிள்யூஜிஎஸ் 84, பொசிஷன் ஃபார்மட் டிகிரி, நிமிடம், மூன்று தசமம். சார்ஜ் ஏற்றும் பேட்டரி என்றால் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் அளவு தப்பாகக் காட்டும்.

எல்லையைக் குறிக்கும் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் உள்ள ஆறு புள்ளிகள் இவை:

1. வடக்கு 10° 05.000', கிழக்கு 80° 03.000'
2. 09° 57.000', 79° 35.000'
3. 09° 40.150', 79° 22.600'
4. 09° 21.800', 79° 30.700'
5. 09° 13.000', 79° 32.000'
6. 09° 06.000', 79° 32.000'

அதிகம் தப்பு நடப்பது மூன்றாவது புள்ளியில்தான். 40.15 என்பது 40 நிமிடம் 15 விநாடி அல்ல, 40 நிமிடம் 9 விநாடி. விநாடி ஃபார்மட்டில் 15 என்று போட்டால் புள்ளி 185 மீட்டர் வடக்கே தள்ளிப் போய்விடும்.

ஆறையும் வேபாயின்ட்டாக (கருவியில் சேமிக்கும் இடப்புள்ளி) சேமித்து, வரிசையாக ஒரு ரூட்டில் கோர்த்துவிடுங்கள். மேப் பக்கத்தில் எல்லை ஒரு கோடாகத் தெரியும். புள்ளி 1க்கும் 2க்கும் இடையில் நம் இந்தியக் கடல் கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. 4க்குத் தெற்கே போனால் அது மேற்கே.

பிராக்ஸிமிட்டி அலாரத்தை (புள்ளியை நெருங்கினால் அடிக்கும் அலாரம்) மட்டும் நம்ப வேண்டாம். அது புள்ளியைச் சுற்றி வட்டம்தான் போடும், கோட்டைக் காக்காது. புள்ளி 1க்கும் 2க்கும் நடுவே சுமார் 28.7 மைல். இரண்டிலும் 2 மைல் வட்டம் வைத்தாலும், நடுவில் 24 மைலுக்கு மேல் அலாரமே அடிக்காமல் கோட்டைத் தாண்டிவிடலாம். அதனால் 3 மைலுக்கு ஒன்றாக இடைப்புள்ளி போடுங்கள். உதாரணமாக 4க்கும் 5க்கும் நடுவே 09° 18.867', 79° 31.133' ஒன்று, 09° 15.933', 79° 31.567' இன்னொன்று. எத்தனை புள்ளி ஏற்கும் என்பது மாடலைப் பொறுத்தது. தொழிலுக்குப் போகும் பகுதிக்கு மட்டும் போட்டால் போதும்.

கோட்டை ஒட்டி ஓடாதீர்கள். 1974இல் டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டமே கிடையாது. கருவி 5 மீட்டர் துல்லியம் காட்டினாலும் கோடு அத்தனை துல்லியமாக உட்காராது. ஒரு மைலாவது விட்டு நில்லுங்கள்.

கிளம்பும்போது கருவியைத் திறந்த வானத்தில் அசைக்காமல் வைத்து, சிக்னல் நிலைத்த பிறகு வாய்க்கால் முகத்தை மார்க் செய்யுங்கள், ஜெட்டியை அல்ல. சேமித்த புள்ளிக்கு வழிகாட்டும் கோ டூ வசதி நேர்க்கோடுதான் காட்டும். நடுவில் பார் (கடலடித் திட்டு) இருக்கிறதா, தீவு இருக்கிறதா என்று பார்க்காது. திரும்பும்போது போன தடத்தைப் பிடித்து வருவதே பத்திரம், அதற்கு ட்ராக் பதிவை ஆரம்பத்திலேயே போட்டிருக்க வேண்டும்.

ராத்திரி வலை விட்டு இன்ஜினை நிறுத்தியதும் உஷாராக இருங்கள். காந்த காம்பஸ் இல்லாத கருவியில், படகு ஓடாதபோது அம்பு கண்டபடி சுற்றும். அதைத் திசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீரோட்டம் படகை இழுப்பது தெரிய, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டுக்கு உள்ள தூரத்தைப் பாருங்கள். மைலில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், மணிக்கு 0.6 மைல் வேகத்தில் எல்லைப் பக்கம் போகிறீர்கள்.

கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உப்புப் படிந்து முனைகள் பச்சை பிடித்தால் நடுக்கடலில் அணைந்துபோகும்.