பீட்டில்ஸ் ரசிகர் விழாவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் மாதக் கடைசியிலும், பீட்டில்ஸ் இசைக்குழு உருவான இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் அதன் ரசிகர்களால் நிரம்பிவிடும். 'இன்டர்நேஷனல் பீட்டில்வீக்' என்று அந்த விழாவுக்குப் பெயர். அமெரிக்காவில் இதைவிடப் பழைய விழா ஒன்று உண்டு. மார்க் லபிடோஸ் என்ற இளம் ரசிகர் ஜான் லெனனை ஹோட்டலில் நேரில் பார்த்துப் பேசி, அவருடைய ஆதரவோடு 1974-ல் நியூயார்க்கில் தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

முதல்முறை போகிறவர்களில் பலர் பை நிறைய டி-ஷர்ட்டும் போன் நிறைய படங்களுமாகத் திரும்புகிறார்கள். தப்பில்லை. ஆனால் டி-ஷர்ட் இணையத்தில் கிடைக்கும், பாட்டை வீட்டிலேயே கேட்கலாம். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற அந்த நால்வரையும் மேடையில் கண்ணால் பார்த்தவர்கள்தான் வேறெங்கும் கிடைக்காதவர்கள். 1964-ல் பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களைத் தவறவிடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பலரும் செய்வது, நிகழ்ச்சி அட்டவணையைக் காலையிலிருந்து நள்ளிரவு வரை அடைத்துக்கொள்வது. ஜப்பான், பிரேசில், ஸ்வீடன் என்று எங்கெங்கிருந்தோ வந்து பீட்டில்ஸ் பாட்டுகளை வாசிக்கும் குழுக்கள் ஒன்றையொன்று மிஞ்சும். 'நகல் குழுதானே' என்று அவர்களை ஒதுக்கவே கூடாது. அந்த நால்வர் மேடையில் ஒருபோதும் வாசிக்காத பிற்காலப் பாட்டுகளை நேரில் கேட்க அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆனால் அரங்கு அரங்காக ஓடுகிறவருக்குப் பெரியவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள். ஹோட்டல் வரவேற்பறைச் சோபாவிலும், காலைச் சாப்பாட்டு மேசையிலும், பழைய இசைத்தட்டு விற்கும் கடைகளின் ஓரத்திலும்தான் அவர்கள் இருப்பார்கள். பகலில் இரண்டு மணி நேரமாவது எதுவும் வைத்துக்கொள்ளாமல் விடுங்கள்.

அப்புறம், கேட்கும் விதம். "பீட்டில்ஸை நேரில் பார்த்தது எப்படி இருந்தது?" என்று கேட்டால், அவர்கள் நூறு பேருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும் கிடைக்கும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தார்கள்? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? முடிந்ததும் வீட்டுக்கு எப்படிப் போனீர்கள்? பீட்டில்ஸ் ஆரம்பகாலத்தில் வாசித்த கேவர்ன் கிளப்பைப் பற்றி லிவர்பூலில் ஒரு அம்மாவிடம் கேட்டபோது, வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பதையே அவர் வரிசையாகச் சொன்னார். "உள்ளே என்ன வாசனை அடிக்கும்?" என்று கேட்டதும் முகமே மாறிவிட்டது. கிருமிநாசினி, வியர்வை, மேலே இருந்த கிடங்கிலிருந்து அழுகிய பழ நாற்றம். மதிய உணவு இடைவேளையில் ஓடிப்போய்க் கச்சேரி கேட்டுவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினால், கோட்டில் ஒட்டியிருக்கும் அந்த நாற்றமே எங்கே போய்வந்தோம் என்று காட்டிக் கொடுத்துவிடுமாம். வாசனைத் தைலத்தைக் கழுத்துப்பட்டியில் தடவிக்கொண்டு தப்பித்த கதையை அவர் அரை மணி நேரம் சொன்னார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

கேட்டதையெல்லாம் அப்படியே நம்பி எழுதிவிடுவதும் தவறுதான். அறுபது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவில், பிற்பாடு பார்த்த படங்களும் கேட்ட இசைத்தட்டுகளும் கலந்திருக்கும். இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் சரிபார்க்க வழி உண்டு. 1964 ஜூனில் ரிங்கோ ஸ்டாருக்குத் தொண்டையில் டான்சில் நோய் வந்து மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆகிய இடங்களில் அவருக்குப் பதிலாக டிரம்ஸ் வாசித்தவர் ஜிம்மி நிக்கல். மெல்போர்னில்தான் ரிங்கோ திரும்பிச் சேர்ந்தார். அடிலெய்டில் அவர்களைப் பார்க்கத் தெருவில் திரண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அங்கே கச்சேரி கேட்டவர் "ரிங்கோ என்னைப் பார்த்துத் தலையாட்டினார்" என்றால் அது நிக்கலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பாட்டுகளும் இப்படித்தான் உதவும். 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்' இசைத்தட்டு வந்தது. அதே மாதம் நடந்த கடைசி அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதிலிருந்து ஒரு பாட்டுகூட மேடையேறவில்லை. அதிலுள்ள 'எலினோர் ரிக்பி'யை பீட்டில்ஸ் பாடி மேடையில் கேட்டேன் என்று ஒருவர் சொன்னால், இசைத்தட்டில் கேட்டது நினைவில் மேடைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடித்ததும் அவர் முகத்துக்கு நேரே திருத்தப் போகாதீர்கள். தேதி, ஊர், பாட்டு வரிசை எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. அவரிடம் மட்டும் இருப்பது வேறு. பாட்டின் பெயரைத் தப்பாகச் சொன்னவர், தன்னைக் கூட்டிப்போன அண்ணன் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு நின்றதைச் சரியாகச் சொல்லக்கூடும். ஒரு பிழைக்காக மொத்தத்தையும் தள்ளிவிடுவது, எல்லாவற்றையும் நம்புவதைவிடப் பெரிய தவறு. திருத்தத்தை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1965 ஆகஸ்ட் 15. சுமார் 55,600 பேர். மொத்தமே 12 பாட்டு, அரை மணி நேரம். அவ்வளவு பெரிய மைதானத்துக்கு அன்றைய ஆம்ப்ளிஃபையர்கள் எந்த மூலைக்கு? பாடியவர்களுக்கே தங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை. "கத்தல்தான் கேட்டது, பாட்டே கேட்கவில்லை" என்று அங்கே இருந்தவர் சொன்னால், "கச்சேரியை எடுத்த திரைப்படத்தில் தெளிவாகக் கேட்கிறதே" என்று மடக்காதீர்கள். அந்தப் படத்தின் ஒலியில் பல இடங்களை 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டுடியோவில் திரும்ப வாசித்துச் சேர்த்தார்கள். ஒரு பாட்டுக்கு இசைத்தட்டு ஒலியையே போட்டுவிட்டார்கள். இங்கே படத்தைவிட அவர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நேரில் பார்த்தவரின் நினைவுக்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரியவைத்தது சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரி. 1966 ஆகஸ்ட் 29, சுற்றுப்பயணங்களின் கடைசி இரவு. 42,500 இருக்கைகளில் விற்றது சுமார் 25,000. பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோவிடம் ஒரு கையடக்க டேப் ரெக்கார்டர் இருந்தது. இன்றைய கச்சேரியைப் பதிவு செய் என்று பால் மெக்கார்ட்னி அவரிடம் சொன்னார். டேப்பின் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்தான். கச்சேரி அதைக் கொஞ்சம் தாண்டியது. 'லாங் டால் சாலி' என்ற கடைசிப் பாட்டின் நடுவில் டேப் தீர்ந்துவிட்டது. அந்த மிச்சப் பாட்டு அன்று அங்கே இருந்தவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. விழாவில் அப்படி ஒருவரைச் சந்தித்தால் அரங்கில் எந்தக் குழு வாசித்தாலும் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அனுமதி கேட்டுவிட்டுப் போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்காமல் வீடியோ எடுப்பது அசிங்கம். பதிவின் தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பிரதி ஒன்றை அவருடைய பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். பல வீடுகளில் அம்மாவிடமோ அப்பாவிடமோ யாரும் இதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இடங்களைப் பார்ப்பதில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இன்றைய கேவர்ன் கிளப் அப்படியே பழையது இல்லை. பழையதை 1973-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் அதே இடத்தின் ஒரு பகுதியில், பழைய செங்கற்களையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பாலும் ஜானும் வளர்ந்த வீடுகளை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. முன்பதிவு செய்து அவர்களுடைய மினிபஸ்ஸில் போனால்தான் உள்ளே விடுவார்கள், உள்ளே படம் எடுக்கக் கூடாது. விழா வாரத்தில் நேராகப் போய் நின்றால் ஏமாற்றம்தான். அந்தத் தெருக்களில் குடும்பங்கள் வாழ்கின்றன. ஜன்னலை எட்டிப் பார்ப்பது, இரவில் வாசலில் நின்று பாடுவது எல்லாம் வேண்டாம்.

கையெழுத்துப் போட்ட படம் என்று கடையில் காட்டினால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். சுற்றுப்பயணங்களில் நால்வருக்கும் நேரம் இல்லாதபோது அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நான்கு பேரின் கையெழுத்தையும் தாங்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேடை வாசலில் வாங்கியது என்ற கதை உண்மையாக இருக்கலாம், கையெழுத்து மட்டும் வேறு ஆளுடையதாக இருக்கும்.

சுற்றுப்பயண நினைவுகள் 1966-ஓடு முடிந்துவிட்டன என்று நினைப்பதும் ஒரு தவறு. தமிழ் ரசிகர்கள் செய்யவே கூடாத தவறு. பீட்டில்ஸ் இந்தியாவில் கச்சேரி செய்ததில்லை. 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் இறங்கி இசைக்கருவிகள் வாங்கினார்கள், 1968-ல் ரிஷிகேஷில் தங்கினார்கள். ஆனால் 1974 நவம்பரிலும் டிசம்பரிலும் ஜார்ஜ் ஹாரிசன் வட அமெரிக்காவைச் சுற்றியபோது ரவிசங்கரின் குழுவும் அதே மேடையில் வாசித்தது. அதில் டி.வி. கோபாலகிருஷ்ணன் மிருதங்கம், எல். சுப்பிரமணியம் வயலின். ராக் கேட்க வந்து பொறுமையிழந்த கூட்டத்தின் முன்னால் நம் வித்வான்கள் வாசித்திருக்கிறார்கள். அன்றைய பத்திரிகைகள் ஹாரிசனின் கம்மிய குரலைத்தான் பெரிதாகப் பேசின. அமெரிக்க விழாக்களுக்குப் போனால் அந்தச் சுற்றுப்பயணத்தைப் பார்த்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். இந்திய இசை தொடங்கியபோது எழுந்து போனார்களா, உட்கார்ந்து கேட்டார்களா, மிருதங்கம் கடைசி வரிசை வரை கேட்டதா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து அதை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.