அமெரிக்காவில் நாடு கடத்தல் நோட்டீஸ் வந்தால் பெங்களூரில் இருக்கும் பெற்றோர் செய்ய வேண்டியவை

அல்சூரில் என் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஜூலை 4-ஆம் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. நியூ ஜெர்சியில் படிக்கும் மகனுக்கு வந்த ‘நோட்டீஸ் டு அப்பியர்’ தாளை, அதாவது நாடு கடத்தல் வழக்குக்கு குடிவரவு நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் நோட்டீஸை, வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அத்தான் போட்ட வட்டம் அது. தாளில் 04/07 என்று அச்சிட்டிருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுபவர்கள். விசாரணை ஏப்ரல் 7-ஆம் தேதி. மகனுக்கு அது தெரியும், ஆனால் இங்கிருந்து பத்திரங்களைத் திரட்டி அனுப்ப வேண்டிய பெற்றோர் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதல் வேலை, நோட்டீஸிலுள்ள தேதியை எழுத்தில், இரண்டு ஊர் நேரத்தோடும் எழுதி வைப்பது: ஏப்ரல் ஏழு, அங்கே காலை 8.30, நமக்கு மாலை 6. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவதால் இந்த வித்தியாசம் ஒன்பதரை மணியிலிருந்து பத்தரை மணியாகும்.

அடுத்து, எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீஸைக் கொடுப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ‘ஐஸ்’ என்று செய்தியில் அடிபடும் அமலாக்கப் பிரிவும், எல்லைக் காவலும், விசா நீட்டிப்பையும் கிரீன் கார்டையும் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகமும் அதற்குள் அடக்கம். வழக்கை விசாரிக்கும் குடிவரவு நீதிபதியோ நீதித் துறையின் கீழ் 1983-இல் தொடங்கிய வேறொரு அலுவலகத்தைச் சேர்ந்தவர். அவரும் அரசு ஊழியர்தான் என்றாலும், அரசுத் தரப்பில் வாதாடும் ஐஸ் வழக்கறிஞரும் அவரும் ஒரே துறை அல்லர். இதனால் ஓர் அலுவலகத்தில் சொன்ன முகவரி மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. பிள்ளை வீடு மாறினால் ஐந்து வேலை நாளுக்குள் ஈஓஐஆர்-33 என்ற படிவத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்து, அதன் நகலை ஐஸ் வழக்கறிஞருக்கும் அனுப்ப வேண்டும். யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்துக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். அறைத் தோழர்களோடு வாடகைக்கு இருந்து அடிக்கடி வீடு மாறும் மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நோட்டீஸின் மேற்புறத்தில் ‘ஏ’ என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு அல்லது ஒன்பது இலக்க எண் இருக்கும். ஏ-நம்பர் எனப்படும் அதை வீட்டில் இரண்டு பேராவது குறித்து வைத்திருங்கள். நீதிமன்றத்தின் தகவல் பக்கத்தில் அந்த எண்ணையும் குடியுரிமை நாட்டையும் கொடுத்தால் அடுத்த விசாரணைத் தேதி தெரியும். தேதி திடீரென முன்னுக்கு வரக்கூடும் என்பதால் பிள்ளையோ வழக்கறிஞரோ வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காவலில் வைத்துவிட்டால், எங்கே இருக்கிறான் என்று தேட ஐஸின் இணையப் பக்கம் இருக்கிறது. அங்கே பெயரைப் போட்டுத் தேடுவதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது) என்று விழும். ஏ-நம்பரும் பிறந்த நாடும் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. காவலில் இருப்பவர் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லித் தானே கேட்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் இந்தியர் விஷயத்தில் கேட்காமலே சொல்லும் கட்டாயம் அங்கே இல்லை.

வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, செலவு நம்முடையது. அரசு இலவசமாக ஒருவரைத் தராது. பணமில்லாதவர்களுக்காகக் கட்டணமில்லாமல் வாதாடுபவர்களின் பட்டியலை நீதிமன்றமே வெளியிடுகிறது. முதல் விசாரணை சில நிமிடங்களில் முடியும். நோட்டீஸில் உள்ள குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று அதில்தான் கேட்பார்கள். வழக்கறிஞர் இல்லாவிட்டால் அவகாசம் கேட்கலாம், எதையும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் இலவசமாகத் தரும். இந்தியர் என்றதும் இந்தி என்று குறித்துவிட இடம் கொடுக்காமல், தமிழ் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். போகாமல் இருப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஆள் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு பிறக்கும். கடும் நோய் போன்ற காரணத்தைக் காட்டி வழக்கை மீண்டும் திறக்கக் கேட்பதற்கு 180 நாள்தான் கெடு.

பெங்களூரில் நம் கையில் இருப்பது பத்திர வேலை. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவக் குறிப்பு எதுவானாலும், தமிழிலோ கன்னடத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தமக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு உண்மையானது, பிழையற்றது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை அதோடு இணைக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் அந்த வேலையைச் செய்யாது. அக்கா மகனின் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் விரித்த பெயர், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதம். மூன்றும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் ஓர் அஃபிடவிட் எழுதி அத்தான் கையெழுத்திட்டார்.

அப்போது ஓர் ஏஜென்ட் வந்து, ஊரில் உயிருக்கு ஆபத்து என்று ஒரு பொய்ப் புகார் ஏற்பாடு செய்து தருவதாகவும், தஞ்சம் கேட்டுவிடலாம் என்றும் சொன்னார். இதை யார் சொன்னாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரிந்தே பொய்யாகத் தஞ்சம் கேட்டதாக நீதிபதி முடிவு செய்தால், குடிவரவுச் சலுகைகளுக்கான வழி ஆயுளுக்கும் அடைபடும். உண்மையான ஆபத்து உள்ளவர் அமெரிக்கா வந்து ஓராண்டுக்குள் தஞ்சம் கேட்கும் ஐ-589 படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

வேறு வழி இல்லாதபோது, தானே வெளியேற அனுமதி கேட்பதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. வழக்கின் தொடக்கத்திலேயே கேட்டால் 120 நாள் வரையும், முடிவில் கேட்டால் 60 நாள் வரையும் அவகாசம் தரலாம். வெளியேற்ற உத்தரவு வாங்கியவருக்கோ வழக்கைப் பொறுத்து 5, 10 அல்லது 20 ஆண்டுத் தடை வருகிறது. தானே வெளியேற அனுமதி பெற்றவர் கொடுத்த நாளுக்குள் கிளம்பாவிட்டால் அபராதமும், பத்தாண்டுக்குச் சில சலுகைகள் கேட்க முடியாத நிலையும் சேரும். உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்வதானால் தீர்ப்பு வந்த அன்றே வழக்கறிஞரிடம் கெடுவைக் கேளுங்கள். அந்த மேல்முறையீட்டை விசாரிக்கும் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் கைவிட்டால், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள் உண்டு, ஆனால் அங்கே மனு போட்டதாலேயே வெளியேற்றம் நின்றுவிடாது, நிறுத்தச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.

திரும்பும் நேரத்தில் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால், இந்தியத் துணைத் தூதரகம் ஒருவழிப் பயணத்துக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட் தரும். தானே வெளியேறியவர் போர்டிங் பாஸை எறிந்துவிடக் கூடாது. கெடுவுக்குள் நாட்டை விட்டதை உறுதிப்படுத்தும் படிவத்தோடு சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தை அணுகும்போது அது தேவைப்படும்.