குரூப்பிங் பக்கவாட்டில் பரவினால்: என் அனுபவம்

என்.சி.சி. முகாம். .22 ரைபிள், 25 கஜம், படுத்த நிலையில் 5 தோட்டா. குறியின் நடுவில் படுகிறதா என்பது அப்புறம். முதலில் ஐந்தும் நெருக்கமாக விழ வேண்டும்; அதுதான் குரூப்பிங். எனக்கு ஓட்டைகள் இடமும் வலமுமாகப் பரவின. மேலும் கீழுமாக என்றால் பெரும்பாலும் மூச்சு; பக்கவாட்டில் என்றால் படுத்திருக்கும் கோணத்தையும் டிரிகர் விரலையும் பார்க்கச் சொன்னார் ஹவில்தார் சார்.

தோட்டா இல்லாமல் சோதித்தேன். குறி பார்த்து, கண்ணை மூடி, மூச்சு விட்டுத் திறந்தால் குழல் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைக் கையால் இழுத்துப் பிடித்துத்தான் அதுவரை சுட்டிருக்கிறேன். பிடி தளரும் நொடியில் அது தன் இடத்துக்கே ஓடும். இடது முழங்கையை ஊன்றியபடி, இடுப்பை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினேன். குழல் தானாக நடுவுக்கு வந்தது.

டிரிகரை விரல் நுனிச் சதையால், பாதி மூச்சு விட்டு நிறுத்தி, நேர் பின்னால் மெல்ல அழுத்தினேன். வெடிக்கும் கணம் நமக்கே தெரியக்கூடாது. பார்வை ஃபோர்சைட் (குழலின் முன்பக்கம் உள்ள குறிமுள்) முனையில். குறி சற்று மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

அடுத்த அட்டையில் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கவில்லைதான், ஆனால் உள்ளங்கைக்குள் வந்துவிட்டன.