பிரிட்டன் போலீஸ் பென்ஷன்: வரிப்பணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸ் பென்ஷனுக்கு வரிப்பணம் எவ்வளவு போகிறது என்று பேச்சு வந்தால், ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருமே பெரும்பாலும் தப்பான எண்ணைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

எங்கோ ஒரு நிதி முதலீட்டில் வளர்கிறது என்று நினைப்பது அடிப்படைத் தவறு. போலீஸ் அதிகாரிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. பணியில் இருப்பவர்களிடம் பிடிக்கும் தொகையும் காவல்படை செலுத்தும் பங்கும் சேர்ந்து, இன்றைய ஓய்வூதியர்களுக்கே போய்விடுகிறது. 2006 ஏப்ரல் முதல் ஒவ்வொரு படைக்கும் தனிப் பென்ஷன் கணக்கு உண்டு. துண்டு விழுந்தால் உள்துறை அமைச்சகம் ஈடுகட்டும்; மிஞ்சினால் திரும்ப வாங்கிக்கொள்ளும். படையில் வேலை செய்யும் சிவில் ஊழியர்களின் திட்டம் வேறு, அதற்கு உண்மையிலேயே முதலீட்டு நிதி இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

அந்த ஈட்டுத்தொகை மட்டுமே வரிப்பணச் செலவு என்று சொல்வதும் தவறு. படை கட்டும் பங்கும் அரசு மானியம், கவுன்சில் வரி இவற்றிலிருந்துதான் வருகிறது. மறுபக்கம், வழங்கிய பென்ஷன் மொத்தத்தையும் மக்கள் தலையில் எழுதினால், அதிகாரிகள் சம்பளத்தில் சுமார் 13 சதவீதம் கட்டுவது காணாமல் போகிறது. ‘அந்தச் சம்பளமும் வரிப்பணம்தானே’ என்பார்கள். சரி, ஆனால் அது பார்த்த வேலைக்கான கூலி.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது படை கட்டும் விகிதம். 2019-இல் சம்பளத்தில் 31 சதவீதம். 2024 ஏப்ரலில் 35.3. ‘பார்த்தீர்களா, பென்ஷனைக் கூட்டிவிட்டார்கள்’ என்று கொதிப்பதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். வருங்காலத்தில் தர வேண்டியதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர அரசு ஒரு விகிதம் வைத்திருக்கிறது. விலைவாசி உயர்வுக்கு மேல் 2.4 சதவீதமாக இருந்த அதை 2023-இல் 1.7 ஆக்கினார்கள். விலைவாசியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 30 ஆண்டு கழித்துத் தர வேண்டிய 100 பவுண்டின் இன்றைய மதிப்பு பழைய விகிதத்தில் சுமார் 49 பவுண்டு, புதியதில் 60. அதனால்தான் படை கட்டும் விகிதம் ஏறியது. ஓய்வூதியர் கைக்கு ஒரு பென்னி கூடவில்லை. படை அதிகம் கட்டினால் பென்ஷன் கணக்கில் துண்டு குறையும், உள்துறையின் ஈட்டுத்தொகையும் இறங்கும். கூடுதல் சுமைக்காகப் படைகளுக்கு அரசே தனி மானியமும் கொடுத்தது. ஒரே சட்டையின் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு!

அப்புறம், பழைய விதிகளைப் புதியவர்கள் மேல் ஏற்றுவது. 30 ஆண்டுப் பணி, கடைசிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது 1987 திட்டம். 2006-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. 2022 ஏப்ரல் முதல் பணியில் இருக்கும் எல்லோரும் 2015 திட்டத்தில்தான் பென்ஷன் சேர்க்கிறார்கள். அதில் அந்தந்த ஆண்டுச் சம்பளத்தில் 55.3-இல் ஒரு பங்கு சேரும்: 44,240 பவுண்டு வாங்கும் ஆண்டுக்கு 800 பவுண்டு ஆண்டு பென்ஷன். முழுப் பென்ஷனுக்கு வயது 60.

‘திட்டத்தையே மூடினால் மிச்சம்’ என்பது கடைசித் தவறு. பழையவர்களுக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பென்ஷன் இன்னும் பல பத்தாண்டுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். புதிதாகச் சேருபவர்களின் பிடித்தம் நின்றால் அந்தத் தொகைக்கும் கஜானாதான் கை கொடுக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் செலவு ஏறத்தான் செய்யும்.