பழைய கம்பி பிரேக் சைக்கிளுக்கு 24 வோல்ட் மோட்டார்: சக்கரத்தை மாற்றாமல் பொருத்துவது எப்படி?

ஹெர்குலிஸ், பிலிப்ஸ், அட்லஸ், ஹீரோ என்று எந்தப் பெயரில் இருந்தாலும், 28 அங்குலப் பெரிய சைக்கிளின் சட்டம் கனத்த இரும்பு. மோட்டாரை அது தாங்கும். சிக்கல் சக்கரத்தில்தான். இந்த வண்டிகளில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பி (ஸ்போக்), பின்சக்கரத்துக்கு 40 கம்பி. கடையில் கிடைக்கும் ஹப் மோட்டார்களில் (சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் வகை) பெரும்பாலும் 36 துளை, அதனால் உங்கள் ரிம்மில் சேராது. ஹப் மோட்டாரோடு வரும் ரெடிமேட் சக்கரத்தைப் போட்டாலோ பிரேக் போய்விடும். கம்பி பிரேக்கில் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் வகை) கட்டை ரிம்மின் உள்விளிம்பை அழுத்துவது, புது ரிம்மில் அதற்கேற்ற விளிம்பு இருக்காது.

அதனால் சக்கரத்தில் கை வைக்காமல், சட்டத்தில் கியர் மோட்டாரைக் கட்டி, பின்சக்கரத்தில் இரண்டாவது ஃப்ரீவீல் (முன்னோக்கி மட்டும் இழுத்து, மறுபக்கம் சும்மா சுற்றும் பல்சக்கரம்) போட்டு ஓட்டுவதே பழைய வண்டிக்குப் பொருத்தம். எம்ஒய்1016இசட் வகை 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இதற்குச் சரியாக இருக்கும். அதன் 9 பல் ஸ்ப்ராக்கெட்டில் சாதாரண சைக்கிள் செயினே ஏறும்.

வேகத்தை முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. 9 பல்லிலிருந்து 18 பல்லுக்குப் போனால் சக்கரம் 150 சுற்று. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். ஆக மணிக்கு 20 கி.மீ. இது போதும். பேட்டரி சைக்கிளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) போட்டிருக்கும் கோடு 250 வாட், மணிக்கு 25 கி.மீ.; அதற்குள் இல்லாவிட்டால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வந்துவிடும். வீட்டில் மாற்றிய வண்டி என்பதால் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

மோட்டார், அதற்கான பிரஷ் வகை கன்ட்ரோலர், கட்டைவிரல் த்ராட்டில், சாவி ஸ்விட்ச், இரட்டை ஃப்ரீவீல் (18 பல் ஒன்று, பெடலுக்கு ஒன்று), கூடுதலாக ஒரு செயின், 5 மி.மீ. இரும்புத் தகடு, நான்கு யு-கிளாம்ப், இரண்டு மைக்ரோ ஸ்விட்ச், 20 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். பேட்டரிக்கு 8 செல் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (25.6 வோல்ட், 12 ஆம்பியர் மணி), 20 ஆம்பியர் பிஎம்எஸ்ஸுடன் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்). சார்ஜர் 29.2 வோல்ட் வகையாகவே இருக்க வேண்டும். ஈய பேட்டரி விலை குறைவுதான், ஆனால் கேரியரில் ஏழெட்டு கிலோ ஏறினால் ஓட்டும்போது வண்டி பின்னால் இழுக்கும்.

1. முதலில் வண்டி

மோட்டாரைத் தொடும் முன் பின்சக்கரத்தின் பால்ரஸ், கோன் இரண்டையும் பார்த்து கிரீஸ் வையுங்கள். தளர்ந்த கம்பிகளை இறுக்கிப் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். கட்டை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

2. ஃப்ரீவீல்

பெடல் மிதிக்க மிதிக்க இறுகும் மரை என்பதால் பழைய ஃப்ரீவீல் லேசில் கழலாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே திருப்புங்கள்.

புதிய இரட்டை ஃப்ரீவீல் அகலம் கூடியது. வெளிச்செயின் சட்டத்தில் உரசும். ஆக்சிலில் வலப்பக்கம் வாஷர் சேர்த்து இடைவெளி கொடுங்கள். அப்படிச் செய்ததும் ரிம் இடப்பக்கம் ஒதுங்கும். கம்பிகளைத் திருகி மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதை விட்டுவிட்டால் பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்.

சாதாரண ஃப்ரீவீலை இடப்பக்கம் போட்டு மோட்டாரை அங்கே கட்டலாமா என்றால், கூடாது. அந்தப் பக்கம் அது முன்னோக்கி இழுக்கும்போது சும்மா சுற்றும்.

3. மோட்டார் பொருத்துதல்

கிராங்க்குக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே, கீழ்க்குழாய்களில் தகட்டை யு-கிளாம்பால் கட்டுங்கள். வெல்டிங் வேண்டாம், சூட்டில் குழாய் பலமிழக்கும். செயின் கவரின் பின்பகுதியைக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும். தகட்டில் மோட்டார் போல்ட்டுக்கான துளைகளை நீள்துளையாகப் போட்டு வாங்குங்கள், காரணம் அடுத்த வரியில்.

பெடல் செயினை முதலில் ஆக்சிலை நகர்த்தி இறுக்கி, நட்டை முறுக்கிவிடுங்கள். மோட்டார் செயினை மோட்டாரை நகர்த்தி மட்டும் இறுக்குங்கள். வரிசை மாறினால் ஒன்றை இறுக்க மற்றது தளரும். நடுவில் விரலால் அழுத்தினால் 10 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். பின்னாலிருந்து பார்த்தால் இரு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும், 2 மி.மீ. விலகினாலும் 9 பல்லிலிருந்து செயின் துள்ளிக் கழலும்.

4. வயரிங்

பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ். கன்ட்ரோலரில் 'பவர் லாக்' என்று இரண்டு மெல்லிய வயர் வரும், அதில் சாவி ஸ்விட்ச். அதை இணைக்காமல் விட்டுவிட்டு மோட்டார் கெட்டுவிட்டது என்று திருப்பித் தருபவர்கள் நிறைய.

கிட்டில் வரும் பிரேக் லீவர் கேபிள் பிரேக்குக்கானது, உங்கள் வண்டியில் பொருந்தாது. அதற்காக மோட்டார் கட்-ஆஃப் இல்லாமல் ஓட்டவே கூடாது. ஹேண்டில்பாருக்குக் கீழே, முன், பின் பிரேக் கம்பிகள் மேலே ஏறி இறங்கும் இடங்களில் ஒவ்வொரு மைக்ரோ ஸ்விட்ச் வையுங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் பிரேக் வயர் இரண்டும் ஒட்டினால் மோட்டார் நிற்கும். ஆகவே இரு ஸ்விட்சையும் பக்க இணைப்பில் போடுங்கள். அந்த இரு வயரிலும் மல்டிமீட்டரை வைத்தால், லீவரைத் தொடாதபோது பீப் அடிக்கக் கூடாது, எதை இழுத்தாலும் அடிக்க வேண்டும்.

5. ஓட்டிப் பார்த்தல்

ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தரையைத் தொடாமல் த்ராட்டிலை அழுத்துங்கள். மோட்டார் பின்னோக்கிச் சுற்றினால் அதன் இரண்டு தடித்த வயரை மாற்றிக் கொடுத்தால் போதும். சுற்றும்போதே பிரேக்கைப் பிடியுங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும்.

சாலையில் எப்போதும் நான்கைந்து மிதி மிதித்த பிறகே த்ராட்டில். நின்ற இடத்திலிருந்தும் மேட்டிலும் மோட்டாரை மட்டும் நம்பினால், சுற்ற முடியாமல் மின்சாரம் இழுத்துப் பிரஷ் கருகும். கூடவே லேசாக மிதித்தால் ஒரு முழு சார்ஜில் சமதளத்தில் 25 கி.மீ. தூரம் அளவுக்கு ஓடும்.

முதல் 30 கி.மீ. ஓடியதும் யு-கிளாம்ப், ஆக்சில் நட்டு, செயின் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். புதுச் செயின் கட்டாயம் தளர்ந்திருக்கும். மழையில் இரும்பு ரிம்மில் கம்பி பிரேக் மிகவும் தாமதமாகப் பிடிக்கும், அன்றைக்கு த்ராட்டிலைத் தொடாமல் மிதித்தே போங்கள்.