அம்மா எதையெல்லாம் தானாகச் செய்கிறார்? ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்

"அம்மா தானே குளிச்சுக்கிறாங்களா?" என்று டாக்டர் கேட்டால் யோசிக்காமல் "ஆமா" என்று சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். வெந்நீர் விளாவி வைத்தது, மாற்றுப் புடவை எடுத்துக் கொடுத்தது, "சோப்பு போட்டாச்சாம்மா" என்று கதவுக்கு வெளியே நின்று மூன்று தடவை குரல் கொடுத்தது எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வராது.

அதனால், டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ள ஒருவரால் அன்றாடம் எவ்வளவு முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் அவரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், உங்கள் ஞாபகத்தையும் நம்பாதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? 1963இல் காட்ஸ் என்ற மருத்துவரும் குழுவும் ஆறு அடிப்படை வேலைகளை வகுத்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1969இல் லாட்டன், பிராடி என்ற ஆய்வாளர்கள் இன்னொரு எட்டைச் சேர்த்தார்கள்: போன், கடை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரை, பணம். பெரும்பாலும் இந்த எட்டில்தான் முதலில் தடுமாற்றம் தெரியும், எனவே ஆரம்பக் கட்டம் என்றால் மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள், கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறாரா என்று பாருங்கள்.

ஒரு விஷயம். வாழ்நாளில் அடுப்படிப் பக்கமே போகாத அப்பாவுக்கு "சமைக்க முடியவில்லை" என்று குறித்தால் அர்த்தமே இல்லை. (அந்த எட்டில் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் எடுக்காமல் விடும் வழக்கம் இருந்ததே இதனால்தான்.) படிக்காத பாட்டியிடம் செக் எழுதச் சொல்வதும் அப்படித்தான். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்றே தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கி 1999இல் வெளியிட்டார்கள். நீங்கள் கவனிக்கிறவர் முன்பு எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதோடுதான் இன்றைய நிலையை ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு அல்ல.

எழுதும்போது நான்கு நிலை போதும். தானாகச் செய்கிறார், சொன்னால் செய்கிறார், கை பிடித்துத் தொடங்கி வைத்தால் செய்கிறார், முழுக்க நாம்தான். அப்புறம் அந்த வேலையின் எந்தப் படியில் தடுமாறி நிற்கிறார் என்று சேர்த்து எழுதுங்கள், அதுதான் உண்மையில் உதவும். "காபி போட முடியவில்லை" என்பதைவிட "டிகாக்ஷன் இறக்கினார், பால் காய்ச்சினார், அடுப்பை அணைக்கவில்லை" என்று எழுதினால் எங்கே ஆபத்து, எங்கே அவரை விட்டுவிடலாம் என்று இரண்டும் தெரியும். செய்து முடிக்கும்வரை கை நீட்டாமல் நிற்பது கஷ்டம்தான். புடவையின் உள்பக்கத்தை வெளியே வைத்துக் கட்டினால் கட்டட்டும், ஆனால் அடுப்பு, வழுக்கும் தரை என்று வந்தால் பரிசோதனையெல்லாம் அப்புறம்.

தடுமாற்றத்துக்கெல்லாம் மறதிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டி வலியால் குளிக்க மறுக்கலாம், கண்புரையால் பொத்தான் தெரியாமல் போகலாம், காது கேட்காமல் நீங்கள் சொன்னதே போய்ச் சேர்ந்திருக்காது. மாலையானால் குழப்பம் கூடுகிறவர்கள் உண்டு, அதனால் நேரத்தையும் குறியுங்கள். போன வாரம்வரை தானாகச் சாப்பிட்டவர் இரண்டே நாளில் தட்டைப் பார்த்து விழிக்கிறார் என்றால் நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பலர் பளிச்சென்று பேசிவிடுவார்கள், "எனக்கென்ன, எல்லாம் நானேதான் செய்றேன்" என்பார்கள். அவரை வைத்துக்கொண்டு மறுத்துப் பேசிக் கூசவைக்காதீர்கள். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வேலைகளை, முடிந்தால் அதே ஆளே பார்த்து, பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.